கேட்காமல் கொடுத்த பிறந்தநாள்

மாட்டுங்கா
பம்பாய்
6-5-1963, திங்கட்கிழமை

அன்புள்ள முப்பிடாதியம்மாளுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் காரியமாக நம் வகுப்பு ரிஜிஸ்டரை எடுத்துப் பிரித்தேன். பால் கார்டு கையிலேயே இருந்தது. பால் பூத்தை மூடிவிடுவார்கள் என்று என் கணவர் உள்ளிருந்து இரண்டு முறை குரல் கொடுத்தார். நான் நின்றபடியே ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு பெயர்கள். பதினொன்றுக்கும் எதிரே ‘பிறந்த தேதி ஜூன் 1’ என்று எழுதியிருந்தது. எல்லாம் என் கையெழுத்து.

சனிக்கிழமை பாடப்புத்தகம் முடிந்துவிட்டது என்பதற்காக உங்களை எழுப்பி, அந்த ரிஜிஸ்டரைக் கையில் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னேன். அது என் குற்றம். நீங்கள் தடங்கல் இல்லாமல் வாசித்துக்கொண்டு வந்தீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ‘முப்பிடாதியம்மாள், வயது 45, பிறந்த தேதி ஜூன் 1’ என்று வாசித்துவிட்டு நிமிர்ந்து, “இது யாரு டீச்சர்?” என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் பென்சிலை மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எழுத்தறிவுப் பரீட்சைக்கு விண்ணப்பப் பாரம் அனுப்ப வேண்டியிருந்தது. பிறந்த தேதி இல்லாத பாரத்தைத் திருப்பிவிடுவார்கள். தேதி தெரியாதவர்களுக்கு ஜூன் ஒன்று என்று போடுங்கள், பள்ளிக்கூடங்களில் எல்லாம் அப்படித்தான் என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். உங்கள் யாருக்கும் தேதி தெரிந்திருக்காது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். வயதைக் குத்துமதிப்பாகப் போட்டேன். ஒரு சாயங்காலத்தில் எழுதி முடித்த வேலை.

தயவுசெய்து வரும் சனிக்கிழமை வாருங்கள். நீங்கள் வராவிட்டால் மற்றவர்களும் வரமாட்டார்கள் போலிருக்கிறது. லேபர் கேம்பில் நம் வகுப்பு நடக்கும் அறை எங்கள் மாதர் சங்கத்தினுடையது என்பது உங்களுக்குத் தெரியும். சங்கத்தின் காரியதரிசி அம்மிணி அக்கா என் கணவருக்குத் தமக்கை. பத்துப் பேருக்குக் குறைந்தால் ஜூன் மாதத்தோடு வகுப்பை மூடிவிட்டு அங்கே தையல் மெஷின் போடப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
வாலாம்பாள் பஞ்சாபகேசன்


லேபர் கேம்பு
9-5-63

டீச்சருக்கு முப்பிடாதி எழுதுனது.

இத நானேதான் எழுதுதேன். யாருகிட்டயும் சொல்லி எழுதல. தப்பு இருந்தா செவப்பு மையில திருத்தி அனுப்பிராதீங்க.

ஒங்க கடுதாசி செவ்வாக்கெழம வந்துது. அன்னைக்குத்தான் நான் பொறந்த நாளு.

எங்க ஊர்ல முப்பிடாதி அம்மன் கோயில் கொடத் திருநாளு சித்திர மாசம் கடைசிச் செவ்வா. அதுக்கு முந்துன செவ்வா கால் நாட்டுவாவ. பந்தக்கால நட்டு மஞ்சத் துணி கெட்டும்போது எங்கம்மைக்கு வலி கண்டுட்டு. மேளம் ஓயதுக்குள்ள நான் பொறந்துட்டேன். அதனாலதான் எனக்கு இந்தப் பேரு. வருசம் கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூத்தொம்பது. பெரிய வெள்ளம் வந்துச்சே, அந்த வருசம். எனக்கு முப்பத்தொம்பது முடிஞ்சு நாப்பது தொடங்கியிருக்கு. நாப்பத்தஞ்சு இல்ல.

எம் பேரே நான் பொறந்த நாளுதான் டீச்சர். ரெண்டு வருசமா சிலேட்டுல எம் பேர எழுத வச்சீங்க. அது ஏன் அந்தப் பேருன்னு ஒரு நாளும் கேக்கல.

நம்ம வகுப்பு சாயிராகிட்ட சொன்னேன். அவ சிரிச்சா. பதினோரு பேரும் ஒரே நாள்ல பொறந்திருந்தா ஓடியே அந்த மருத்துவச்சி செத்திருப்பான்னா. எனக்குச் சிரிப்பு வரல. நான் தோல் கெடங்குல ஆட்டு ரோமம் பிரிக்கவதான். அங்ககூட கரீம் பாட்சா மொதலாளி வெள்ளய வெள்ளையோட, கருப்பக் கருப்போடதான் போடச் சொல்லுவாரு. எல்லாத்தையும் ஒரே சாக்குல திணிக்க மாட்டோம்.

பத்துப் பேரு வேணும்னு எழுதியிருக்கீங்க. நான் வரணும்ங்கது எனக்காவவா, எண்ணிக்கைக்காவவா?

இன்னொண்ணு. வகுப்புக்கு ஒங்க தண்ணி ஒங்க கூஜாவுலதான் வருது. அது ஒங்க வழக்கம். நான் கொற சொல்லல. பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்னு சொல்லுதேன்.

நான் வரல.

முப்பிடாதி


மாட்டுங்கா
14-5-1963

அன்புள்ள முப்பிடாதியம்மாளுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். சிவப்பு மை எடுக்கவில்லை.

போன சனிக்கிழமை நான்கு பேர் வந்தார்கள். சாயிரா வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, “முப்பிடாதியக்கா இல்லியா? அப்போ நானும் சலோ” என்று போய்விட்டாள்.

எனக்காகவா எண்ணிக்கைக்காகவா என்று கேட்டிருந்தீர்கள். உடனே ‘உங்களுக்காகத்தான்’ என்று எழுதிவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். முழு உண்மை இல்லை. அந்த அறை எனக்கு வேண்டும். வாரத்தில் ஆறு நாள் நான் சமைக்கிறேன், துணி மடிக்கிறேன், பிள்ளைகளின் காலேஜ் சம்பளத்தை ஞாபகப்படுத்துகிறேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு மட்டும் நான் மதராஸில் பி.ஏ. படித்தவள் என்பது எனக்கே நினைவு வருகிறது. அதை இழக்க எனக்குப் பயம். முதல் கடிதத்தில் அந்தப் பயம்தான் பேசியது. ஆனால் நீங்கள் வராத அறையில் அன்று உட்கார்ந்திருந்தபோது வேறொன்றும் தெரிந்தது. இரண்டு வருஷமாக நான் பாடம் சொன்னது மற்றவர்களைப் பார்த்து அல்ல. ஒரு வரி சொல்லிவிட்டு, உங்கள் முகத்தில் அது சரியாக விழுந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன்.

தொண்ணூற்றொன்பது வெள்ளம் எங்கள் பாலக்காட்டுப் பக்கத்திலும் எல்லோர் வாயிலும் இருப்பதுதான். அப்போது எனக்கு மூன்று வயது. அப்படியானால் நான் உங்களுக்கு மூன்று வயது மூத்தவள். நீங்கள்தான் என்னைவிட மூத்தவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிடங்கு வேலை உங்கள் கைகளில் ஏற்றிவிட்டிருந்த வருஷங்களை நான் வயதில் சேர்த்துவிட்டேன்.

கூஜாவைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வாக்கியம் கிடைக்கவில்லை. சாக்கு சொல்லாமல் விடுகிறேன்.

புதுப் பாரங்கள் கேட்டு ஆபீசுக்கு எழுதிவிட்டேன். மற்றப் பத்துப் பேரின் நாட்களையும் கேட்டு எழுத வேண்டும். நான் கேட்டால் இனிமேல் யாரும் சொல்வார்களா என்று தெரியவில்லை. நீங்கள் கேட்டுத் தருவீர்களா? வகுப்புக்கு வராமல் இருந்தாலும் சரி.

வாலாம்பாள்


லேபர் கேம்பு
22-5-63

டீச்சருக்கு,

கார்டுல எடம் இல்ல. சுருக்கமாச் சொல்லுதேன்.

ஜூன் ஒண்ணாந்தேதி சனிக்கெழம. கெடங்கு மத்தியானத்தோட விட்டுருவாவ. ஒரு மணிக்கு தாதர் டிராம் நிக்க எடத்துக்கு வாங்க. ரிஜிஸ்டரு வேண்டாம். கூஜா ஒங்க இஷ்டம்.

எதுக்குன்னு கேக்காதீங்க. நீங்களும் எங்களக் கேக்கலியே.

முப்பிடாதி


மாட்டுங்கா
25-5-1963

அன்புள்ள முப்பிடாதியம்மாளுக்கு,

வருகிறேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. தாதருக்குத் தெற்கே நான் தனியாகப் போனதே இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். மகாலட்சுமி கோயிலுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் அவரோடு. அன்று என்ன விசேஷம் என்று அவர் கேட்டார். வகுப்பு இருக்கிறது என்றேன். சொன்னபிறகு காது சுட்டது.

எனக்கு ஏதாவது தண்டனை வைத்திருக்கிறீர்களா? இருந்தாலும் வருவேன். பட்டுப் புடவையா, நூல் புடவையா என்பதை மட்டுமாவது சொல்லியிருக்கலாம்.

வாலாம்பாள்


உல்லாஸ்நகர்
1-6-63

டீச்சருக்கு,

இதை நீங்க வாசிக்கும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும். நான் வரல. கோவத்துலதான் வரலன்னு நெனச்சிருப்பீங்க. கோவம் இல்ல. கொஞ்சம் இருக்கு. ஆனா வரணும்னுதான் சீல வெளுத்து மடிச்சு வச்சிருந்தேன்.

வியாழக்கெழம உல்லாஸ்நகர்லருந்து மருமவன் ஓடி வந்தாரு. மவளுக்கு நாள் இருக்குன்னு நெனச்சோம், முந்திட்டு. நேத்து சாயங்காலம் ஏழு இருவதுக்குப் பொம்பளப் புள்ள. ரெண்டு உசுரும் நல்லாருக்கு. நர்ஸம்மா ஒரு சீட்டு நீட்டுனா. எழுத்து இங்கிலீசு. ஆனா நம்பரு நம்பருதான? 31-5-63ன்னு நானே வாசிச்சேன். மருமவன் முழிச்சாரு. இன்னும் அஞ்சு மணி நேரம் பொறுத்திருந்தா ஒங்க ரிஜிஸ்டர்ல சேந்திருப்பா, தப்பிச்சிட்டா.

சாயிராகிட்ட எல்லாம் சொல்லி வச்சிட்டுத்தான் வந்தேன். என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம எழுதுங்க. பெரிய எழுத்தா எழுதுங்க. அவகிட்ட கேட்டா பாதியப் பொய்யாச் சொல்லுவா. வெள்ளிக்கெழம திரும்பி வந்துருவேன்.

முப்பிடாதி


மாட்டுங்கா
5-6-1963, புதன்கிழமை

அன்புள்ள முப்பிடாதிக்கு,

குழந்தைக்கு என் ஆசிகள். அவள் பிறந்த நேரத்தை நிமிஷத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அதை நான் வேறொரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன்.

கேட்டபடி பெரிய எழுத்தாக எழுதுகிறேன். அதனால்தான் இன்லண்டு போதாமல் கவர்.

ஒரு மணிக்குத் தாதரில் போய் நின்றேன். நூல் புடவைதான். கூஜாவும் கையில் இருந்தது. வேண்டாம் என்று வைத்துவிட்டு, படி இறங்கியபின் திரும்பிப் போய் எடுத்து வந்தேன். பத்துப் பேரும் வந்திருந்தார்கள். எல்லோர் தலையிலும் பூ. உங்களைத் தேடினேன். சாயிரா என் பார்வையைப் பிடித்துவிட்டாள்.

“முப்பிடாதியக்கா உல்லாஸ்நகர் போயிருக்கு. மக வயித்துப் புள்ள கேட்டுக்கிட்டா வரும்? இன்னிக்கி நான்தான் லீடர். டீச்சர், நீங்க வாயத் திறக்கக் கூடாது. நீங்க இன்னிக்கி எங்க பிள்ளை.”

டிராமின் மேல்தட்டில் ஏறினோம். கண்டக்டர் என்னிடம் மராத்தியில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. ஆங்கிலத்தில் பதில் சொன்னேன், அவருக்குப் புரியவில்லை. பின் சீட்டிலிருந்து செல்லக்கனி மராத்தியிலேயே ஒரு அதட்டல் போட்டாள். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

“என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“புதுசா வந்திருக்காவ, பாத்து எறக்கி விடுன்னேன்.”

மேல்தட்டு முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம் வரவேண்டும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. செல்லக்கனி சொன்னது சரிதான். பரேல் எங்கே முடிகிறது, லால்பாக் எங்கே தொடங்குகிறது, எந்த மில்லில் எந்தச் சங்கு, எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் மட்டும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பைகுல்லா தாண்டும்போது செல்லக்கனி என் தோளைத் தட்டினாள். “டீச்சர், நானும் தாதர்லருந்து பாத்துக்கிட்டே வாரேன். இம்புட்டு போர்டு இருக்கு. நம்ம எழுத்து எங்க?”

நான் சுற்றிலும் பார்த்தேன். மராத்தி, குஜராத்தி, உருது, ஆங்கிலம். ஒரு கடையில்கூடத் தமிழ் இல்லை. இரண்டு வருஷம் பாடுபட்டு இவர்களுக்கு நான் கற்றுக்கொடுத்ததை இந்த ஊர் எங்குமே எழுதி வைக்கவில்லை. இது எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை முப்பிடாதி. எனக்கு ஆங்கிலம் இருந்ததால் தோன்றவில்லை. கூஜாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

சாயிரா மட்டும் கண்ணைச் சிமிட்டினாள். “அரே, பொறுங்க. போரிபந்தர் வரட்டும்.”

போரிபந்தரில் இறங்கியதும் நேரே ஸ்டேஷனுக்குள் கூட்டிப்போனாள். எல்லோருக்கும் பிளாட்பாரம் டிக்கெட். மதராஸ் போகும் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் ஜன்னலுக்குக் கீழே நீளப் பலகை, மேலே இந்தி, நடுவில் ஆங்கிலம். சாயிரா கீழ் வரியைக் காட்டினாள். “முப்பிடாதியக்கா இத வாசிக்கச் சொல்லிச்சு.”

பத்துப் பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகு செல்லக்கனி முன்னால் போய் ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்தாள். “ப... ம்... பா... ய்.” ஒரு மூச்சு விட்டாள். “செ... ன்... னை. பம்பாய் சென்னை! ஏட்டீ, பம்பாய் சென்னைன்னு போட்டிருக்கு!”

அதற்குமேல் யாரையும் நிறுத்த முடியவில்லை. அடுத்த பெட்டிக்கு ஓடினார்கள். அங்கேயும் அதேதான். அதற்கடுத்த பெட்டிக்கு. கூலிகள் தலைச்சுமையோடு ஒதுங்கிப் போனார்கள்.

“எல்லாத்துலயும் ஒண்ணேதான் எழுதியிருக்கு டீச்சர்!”

“பின்ன, பெட்டிக்கு ஒரு ஊருக்கா போகும்?” என்றாள் சாயிரா.

“சும்மா கெட. ஒரு பெட்டியில மாத்தி எழுதியிருந்தா? பாத்துருவோம்.” செல்லக்கனி கடைசிப் பெட்டி வரை பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

வண்டிக்குள் இருந்து ஒரு பெரியவர் தலையை நீட்டினார். “எந்த ஊருக்கும்மா போறீங்க? உங்க பெட்டி எது?”

“நாங்க எங்கயும் போகல. வாசிக்க வந்தோம்” என்றாள் செல்லக்கனி.

அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நான் பட்டம் வாங்கிய அன்றுகூட அந்தக் குரலில் பேசியதில்லை.

அதற்குப்பின் அப்போலோ பந்தர். லாஞ்சுப் படகில் ஏறித் துறைமுகத்தைச் சுற்றிவர வேண்டும் என்பதும் உங்கள் உத்தரவாம். மழைக்கு முந்திய கடல், நன்றாக ஆடியது. தூத்துக்குடி உப்பளத்தில் பிறந்த செல்லக்கனிக்குத்தான் முதலில் தலை சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டு “தண்ணி, தண்ணி” என்றாள். அங்கே வேறு தண்ணீர் ஏது? நான் கூஜாவை நீட்டினேன். அவள் மூடியில் ஊற்றிக் குடிக்கும் நிலையில் இல்லை. அப்படியே வாயில் வைத்துக் குடித்தாள். அவளிடமிருந்து அது அடுத்த கைக்குப் போயிற்று. திரும்பி வந்தபோது சொட்டு இல்லை. ‘நான் கொடுத்தேன்’ என்று பெருமையாக எழுத ஆசைதான். உண்மையில் நான் நீட்டியது மட்டும்தான், மற்றதைக் கடல் செய்தது. ஆனால் கரைக்கு வந்தபோது எனக்குத் தாகம். சாயிரா என்னைப் பார்த்தாள். “டீச்சர், இரானி ஹோட்டல்ல சாயா?” நான் ஹோட்டலில் கை நனைத்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். “சரி” என்றேன். கேட்டவள்தான் திகைத்துப் போனாள்.

இரானியின் சலவைக்கல் மேசைகள் இரண்டைச் சேர்த்துப் போட்டுக்கொண்டோம். சாயா வந்தது. பன் வந்தது. அப்போதுதான் சாயிரா இடுப்பிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து என் முன்னால் பிரித்து வைத்தாள். உங்கள் எழுத்து. பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதியதில் தாளின் மறுபக்கம் புடைத்திருந்தது.

ஒவ்வொன்றாக வாசித்தேன். அவரவர் வரி வந்தபோது அவரவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

‘சாயிரா. ரபியுல் அவ்வல் மாசப் பிறை பாத்த மறுநாள்.’

‘செல்லக்கனி. உப்பு வாரி வச்சிருந்ததுல மழ பேஞ்சு எல்லாம் கரஞ்ச அன்னைக்கி. அப்பன் அழுதாரு. உப்புக்கா பொம்பளப் புள்ளைக்கான்னு தெரியல.’

பதினோரு வரிகள். பதினோரு வீடுகளில் பதினோரு நாள். நான் ஒரே சாயங்காலத்தில் ஒரே தேதியாக்கிப் போட்ட நாட்கள். கடைசியில் பன்னிரண்டாவதாக ஒரு வரி இருந்தது.

‘டீச்சர். ஜூன் 1. கேக்கல, நாங்களே போட்டுட்டோம்.’

பத்துப் பேரும் மேசையைத் தட்டினார்கள். இரானி கல்லாவிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார். சாயிரா இந்தியில் அவரிடம், இன்று எங்கள் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாள். அவர் இத்தனை பெரிய பிள்ளையைப் பார்த்துவிட்டு, ஒரு தட்டில் கேக் அனுப்பினார். என்னை அழவிடாமல் வாயில் திணித்தார்கள்.

நீங்கள் இருந்திருந்தால் உங்களிடம் மட்டும் ஒன்று சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டில் அவருடைய நட்சத்திரத்துக்குப் பாயசம் உண்டு, பிள்ளைகளின் நட்சத்திரத்துக்கு உண்டு. கார்த்திகை ரோகிணி என்னுடையது. பல வருஷங்களில் அன்று சாதம் வடிக்கும்போதுதான் எனக்கே நினைவு வரும். யாரும் தடுத்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை. கேட்கப்படாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டியது. தெரிந்திருந்தும் உங்களுக்கு அதைச் செய்தேன். நீங்கள் அதையே எனக்குத் திருப்பிச் செய்தீர்கள். அது எப்படி இத்தனை சந்தோஷமாக இருந்தது என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் பதினோரு பேரும் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள். அதுதான் காரணம் என்று தோன்றுகிறது.

இனி மற்றதையும் எழுதிவிடுகிறேன். ஒன்று விடாமல் என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மிணி அக்கா வந்தார். யாரோ என்னை டிராமின் மேல்தட்டில் பார்த்துவிட்டுக் கோயிலில் சொல்லியிருக்கிறார்கள்.

“ஏண்டி வாலா, நோக்கென்ன பைத்தியமா? அதுகளோட கூட்டமா டிராமேறி, கூச்சலும் சிரிப்புமா... இரானிக் கடேல சாயா குடிச்சியாமே?”

“குடிச்சேன் அக்கா. நன்னா இருந்தது.”

“பாடம் சொல்லிக் குடுக்கறது வேற. ஊர் சுத்தறது வேற. நாளைக்கு அதுகள் நம்மாத்து வாசல்ல வந்து நிக்கும், கேட்டியோ?”

“பத்துப் பேர் வேணும்னேளே. இப்போ பதினோரு பேர் இருக்கா.”

“எண்ணிக்கையாடி விஷயம்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் கேட்ட கேள்வியை அக்காவும் கேட்கிறார், அவருக்கே தெரியாமல். அந்தச் சிரிப்புத்தான் அவரைக் கடுமையாக்கியது. எழுந்து போய் ஆணியில் மாட்டியிருந்த அறைச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். மறுநாளே தையல் மெஷின் வந்துவிடும் என்றார். என் கணவர் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷர். ஆனால் அக்காவுக்குத் தம்பி.

ஆக, வகுப்புக்கு இப்போது அறை இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் இதே செய்தி என்னைப் படுக்கையில் தள்ளியிருக்கும். இப்போது அப்படி இல்லை. திங்கட்கிழமை முழுவதும் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். செவ்வாய்க்கிழமை கூடத்தில் கிடந்த பெரிய கட்டிலை உள்ளே தள்ளிப் போட்டேன். மூட்டைப்பூச்சிக்காக என்று அவரிடம் சொன்னேன். இன்று காலை கூடத்தை அடியால் அளந்து பார்த்தேன். நெருங்கி உட்கார்ந்தால் பன்னிரண்டு பேர் உட்காரலாம். சுவரில் கரும்பலகைக்கு இடம் இருக்கிறது. அங்கே என் மாமனாரின் படம் மாட்டியிருக்கிறது, அதை ஜன்னல் பக்கம் மாற்றிவிடலாம்.

இந்தக் கட்டடத்தில் வேலைக்கு வருகிறவர்களுக்கென்று பின்பக்கம் இரும்புச் சுழல்படி ஒன்று உண்டு. அந்தப் படியில் நீங்கள் யாரும் ஏறக்கூடாது. முன்பக்கம் மரப்படி, அகலமாக இருக்கும். இரண்டாம் மாடி, வலது கைப் பக்கம். எட்டாம் தேதி சனிக்கிழமை, மூன்று மணி. அம்மிணி அக்கா முதல் மாடியில் இருக்கிறார். அந்த நேரத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மெதுவாக ஏறிவரச் சொல்ல மாட்டேன். உங்கள் எல்லோருடைய சாதாரண நடையிலேயே ஏறி வாருங்கள்.

இதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. என் கணவர் அடுத்த அறையில் க்ஷவரம் செய்துகொண்டிருக்கிறார். வாளியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கிறது. இந்தக் கவரை ஒட்டி, கீழே போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு மேலே வந்துதான் சொல்லப்போகிறேன். அப்போது அவர் என்ன சொன்னாலும் கடிதம் என் கையில் இருக்காது.

வாலாம்பாள்